இதயத்துக்கு வசூலித்தோம், மூளையை மறந்தோம்

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் சில வாரங்களில் அந்த அறிவிப்பு வரும். இன்ன தெருவைச் சேர்ந்த சகோதரரின் பச்சிளங் குழந்தைக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு, அவசரமாக அறுவை சிகிச்சை செய்யவேண்டும், இயன்றவர்கள் உதவுங்கள். வாசலில் துண்டு விரிக்கப்படும். சட்டைப்பையில் இருப்பதைப் போட்டுவிட்டு, "அல்லாஹ் ஷிஃபாவைக் கொடுப்பானாக" என்று சொல்லியபடி செருப்பைத் தேடுவோம். வெளிநாட்டில் இருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் செய்தி போகும். இரண்டு, மூன்று வாரங்களில் பணம் சேர்ந்துவிடும். இந்த விஷயத்தில் நம் சமுதாயத்தைக் குறை சொல்ல யாராலும் முடியாது.

எங்கள் மஹல்லாவிலும் ஏழு ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு குழந்தைக்காக வசூலித்தோம். இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய இரத்தக் குழாய்களும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று முளைத்திருந்த ஆண் குழந்தை. பிறந்த இரண்டாவது வாரத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அரசுக் காப்பீடு போக மீதித் தொகையை பைத்துல்மாலும் நல்லுள்ளங்களும் ஏற்றுக்கொண்டார்கள். குழந்தை வீடு திரும்பிய அன்று தெருவே மகிழ்ந்தது. வரவு செலவுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். அல்ஹம்துலில்லாஹ் என்று எழுதிக் கோப்பை மூடினோம்.

அந்தப் பிள்ளை மக்தபுக்கு வருவதை நிறுத்திவிட்டான் என்பது இவ்வாண்டு தற்செயலாக எங்கள் காதுக்கு வந்தது. விசாரித்தபோது உஸ்தாத் வருத்தத்தோடு சொன்னார்: "இரண்டு வருடமாக ஒரே பாடத்தில் நிற்கிறான். கவனமே இல்லை. சொன்னதைக் கேட்பதில்லை, பிடிவாதம் வேறு." பிடிவாதத்துக்காகப் பலமுறை நிற்கவைக்கப்பட்டிருக்கிறான். ஒருநாள் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடியவனை உம்மா மறுநாள் அனுப்பவில்லை. நாங்கள் வீட்டுக்குப் போனபோது அந்தத் தாய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார். ஏழு ஆண்டு மருத்துவக் காகிதங்கள் அத்தனையும் அதில் இருந்தன. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில், குழந்தையின் வளர்ச்சியைக் குறிப்பிட்ட வயதுகளில் பரிசோதிக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது.

"இதயம் நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வேற என்ன பாக்கணும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர். அவரைக் கேட்க எங்களுக்கு வாய் இல்லை. அந்தக் காகிதத்தின் நகல் எங்கள் கோப்பிலும் இருந்தது. நாங்கள் அதில் கட்டணப் பக்கத்தை மட்டும் படித்திருந்தோம்.

அந்த ஒற்றை வரி ஏன் எழுதப்படுகிறது என்பதை நாம் விளங்கிக்கொள்வது அவசியம். இதயத்தில் கோளாறு என்றால் மூளைக்கு என்ன வந்தது என்ற கேள்வி நம்மில் பலருக்கு எழும். கொஞ்ச காலம் முன்புவரை மருத்துவர்களுக்கே அது தெளிவாகத் தெரியாமல்தான் இருந்தது.

கருவறையில் பிள்ளையின் நுரையீரல் மூச்சுவிடுவதில்லை. ஆக்ஸிஜன் நிறைந்த இரத்தம் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. அது பிள்ளையின் இதயத்துக்குள் நுழைந்ததும் எல்லாப் பக்கமும் சமமாகக் கலந்துவிடுவதில்லை. அதில் செழுமையான பகுதி, இதயத்தின் மேலறைகளுக்கு இடையே அந்த நாட்களுக்காகவே திறந்திருக்கும் ஒரு வாசல் வழியாக இடப்பக்கம் திருப்பப்படுகிறது. அங்கிருந்து பெருந்தமனி வழியாக முதலில் இதயத் தசைக்கும் மூளைக்கும் போய்ச் சேருகிறது. மிச்சம்தான் உடலின் கீழ்ப்பகுதிக்கு. ஒரு வாய்க்காலில் முதல் மடை மூளைக்கு என்று விதிக்கப்பட்டிருப்பது போன்ற ஏற்பாடு. இதை அறியும்போது ஸுப்ஹானல்லாஹ் என்று நம் நாவு தானாகவே சொல்லும்.

மேலே நாம் குறிப்பிட்ட பிள்ளையைப் போல இரண்டு பெருங்குழாய்களும் இடம் மாறியிருந்தால் இந்த முதல் மடை திசை மாறிவிடுகிறது. நல்ல இரத்தம் நுரையீரல் தமனிக்குள் சென்று அங்கிருந்து உடலின் கீழ்ப்பகுதிக்குப் போகிறது. ஏற்கெனவே உடலைச் சுற்றி வந்து ஆக்ஸிஜன் குறைந்த இரத்தம் மூளைக்குப் போகிறது. இதயத்தின் இடப்பக்கம் முழுதாக உருவாகாத குழந்தைகளில் நிலைமை இன்னும் நெருக்கடியானது. அங்கே பெருந்தமனியின் தொடக்கம் நூல் போலச் சுருங்கியிருப்பதால், மூளைக்குச் செல்லும் இரத்தம் பின்பக்கமாகத் திரும்பி வந்து சேரவேண்டியிருக்கிறது. கருவின் கடைசி மூன்று மாதங்கள் மூளை மிக வேகமாகப் பெருத்து, மடிப்பு மடிப்பாக உருவாகும் காலம். பசி அதிகமான அந்த வேளையில்தான் உணவு குறைகிறது.

2007-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இந்த விஷயத்தில் பலரின் கண்ணைத் திறந்தது. ஸ்டீவன் மில்லர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் கடுமையான இதயக் கோளாறோடு பிறந்த 41 குழந்தைகளின் மூளையை எம்.ஆர்.ஐ. மூலம் படம் எடுத்தனர். கத்தி படுவதற்கு முன்பே, பிறந்த சில நாட்களில் எடுத்த படங்கள் அவை. குழந்தைகள் நிறைமாதத்தில் பிறந்தவர்கள். ஆனால் அவர்களின் மூளை, குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் மூளையைப் போல முதிர்ச்சி குறைந்து காணப்பட்டது. அவர்களில் 13 பேருக்கு, மூளையின் ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி கடத்தும் வெண்பொருளில் காயம் ஏற்கெனவே இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகளும் இத்தகைய குழந்தைகளின் மூளை ஏறத்தாழ ஒரு மாதம் பின்தங்கியிருப்பதாகவே கண்டன. அதற்கு முன், ஏதேனும் குறை தெரிந்தால் "அறுவை சிகிச்சையில் ஏதோ தவறு நடந்துவிட்டது" என்றே பெரும்பாலும் கருதப்பட்டது. கதை அதற்கும் முன்னால், தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது என்பது இப்போது தெரிகிறது. இரத்த ஓட்டம் மட்டுமே இதற்குக் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. இதயத்தை உருவாக்கும் மரபணுக்களில் சில மூளையை உருவாக்குவதிலும் பங்கு வகிக்கின்றன. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருப்பது எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். 13-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் மருத்துவம் செய்த இப்னு நஃபீஸ், இதயத்தின் நடுச்சுவரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக இரத்தம் வலமிருந்து இடம் செல்கிறது என்ற கிரேக்கர் கேலனின் கருத்தை மறுத்தார். அப்படித் துளைகள் இல்லை, இரத்தம் நுரையீரலைச் சுற்றியே இடப்பக்கம் வருகிறது என்று எழுதினார். நம் மேடைகளில் அவர் பெயரைப் பெருமையோடு உச்சரிக்கிறோம், உச்சரிக்க வேண்டியதுதான். ஆனால் அதே நடுச்சுவரில் உண்மையிலேயே ஓட்டையோடு பிறந்த நம் தெருப் பிள்ளையின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கடைசிப் பக்கம்வரை படிக்க நமக்குப் பொறுமை இல்லை.

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய ஆண்டுகளில் என்ன நடக்கும் என்பதை அறிய அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையின் அனுபவம் நமக்குப் பெரிதும் உதவும். இடம் மாறிய இரத்தக் குழாய்களைச் சரியான இடத்தில் மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சையை 1975-இல் பிரேசில் நாட்டு மருத்துவர் அதிப் ஜத்தேனே வெற்றிகரமாகச் செய்து காட்டினார். அதன் பிறகு, இறந்துவிடும் என்று கைவிடப்பட்ட குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினர். நெல்லிக்காய் அளவே உள்ள இதயத்தில் தைக்கவேண்டுமானால் அதை நிறுத்தியாக வேண்டும். குழந்தையின் உடலை 18 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரவைத்து, இரத்த ஓட்டத்தையே முற்றிலும் நிறுத்திவிட்டுச் செய்வது ஒரு முறை. இயந்திரத்தின் உதவியால் மெல்லிய ஓட்டத்தைத் தொடரவிட்டுச் செய்வது மற்றொரு முறை. இவற்றில் மூளைக்கு எது பாதுகாப்பானது?

இந்தக் கேள்விக்கு விடை காண ஜேன் நியூபர்கர், டேவிட் பெல்லிங்கர் ஆகியோர் அடங்கிய குழு 1988 முதல் 1992 வரை 171 குழந்தைகளை ஆய்வில் சேர்த்தது. சேர்த்ததோடு விட்டுவிடவில்லை. அந்தக் குழந்தைகளை ஒரு வயதில் அழைத்துச் சோதித்தார்கள். நான்கு வயதில் அழைத்தார்கள். எட்டு வயதில் அழைத்தார்கள். பதினாறு வயதில் மீண்டும் அழைத்தார்கள். ஒரு பிள்ளைக்கு அறுவை சிகிச்சை செய்துவிட்டு, அவன் மீசை அரும்பும்வரை "எப்படி இருக்கிறாய், எழுத முடிகிறதா, நண்பர்கள் இருக்கிறார்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்த மருத்துவர்கள். எங்களுக்கு ஆய்வின் முடிவைவிட இந்தப் பொறுப்புணர்வே பெரிதாகத் தெரிகிறது. ஏழு ஆண்டில் ஒருமுறைகூட அந்த வீட்டுக் கதவைத் தட்டாத நாங்கள் வேறு எதைப் பெரிதாகச் சொல்வது?

முடிவும் கவனிக்கத்தக்கது. தொடக்க ஆண்டுகளில், இரத்த ஓட்டத்தை நிறுத்திச் செய்த குழந்தைகள் கை கால் இயக்கத்தில் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். பதினாறு வயதில் இரு முறைகளுக்கும் இடையிலான வேறுபாடு பெரிதாக இல்லை. இரு பிரிவினரிலும் பெரும்பாலோரின் பொது அறிவுத்திறன் இயல்பான எல்லைக்குள்தான் இருந்தது. ஆயினும் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பள்ளிக் காலத்தில் கல்வியிலோ நடத்தையிலோ சிறப்பு உதவி பெற்றவர்களாக இருந்தார்கள். இதயம் நன்றாகத் துடித்தது. பிள்ளைகள் வகுப்பில் திணறினார்கள். உதவி கிடைத்ததால் தேறினார்கள். அவர்கள் இன்று முப்பது வயதைக் கடந்தவர்கள்.

திணறல் எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால் நம் உஸ்தாத்மார்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் மிகவும் பயன்படும். இப்பிள்ளைகளில் பலர் நன்றாகப் பேசுவார்கள். கேட்ட கதையைத் திருப்பிச் சொல்வார்கள். அதனால் பார்ப்பவர்களுக்கு "இவனுக்கு எல்லாம் தெரியும், வேண்டுமென்றே செய்கிறான்" என்று தோன்றும். ஆனால் பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதச் சொன்னால் கை தடுமாறும். "பையை வை, கிதாபை எடு, பதினோராம் பக்கத்தைத் திற" என்று மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் முதலாவதோடு நின்றுவிடுவார்கள். ஓர் இடத்தில் உட்கார்ந்து கவனிப்பது கடினமாக இருக்கும். மற்ற பிள்ளைகளின் முகக்குறிப்பைப் படிக்கத் தெரியாமல் விளையாட்டில் ஒதுக்கப்படுவார்கள். திட்டமிடுவது, வரிசைப்படுத்துவது, அவசரத்தை அடக்குவது, இடத்தையும் வடிவத்தையும் கண்ணால் அளப்பது ஆகியவை பின்தங்கக்கூடிய திறன்கள். பாவுக்குக் கீழே ஒரு புள்ளி, தாவுக்கு மேலே இரண்டு, ஸாவுக்கு மேலே மூன்று என்று ஒரே வடிவத்தைப் புள்ளியால் மட்டும் வேறுபடுத்திக் காணவேண்டிய குழந்தைக்கு இது எத்தனை பெரிய மலை என்று எண்ணிப்பாருங்கள். அந்த மலையடிவாரத்தில் அவனை நிற்கவைத்துத் தண்டித்தோம்.

இதைப் படிக்கும் பெற்றோர்கள் கலங்கிவிடக் கூடாது. பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றுக்கு ஏதேனும் ஓர் இதயக் கோளாறு இருக்கிறது. அவற்றில் பெரும்பகுதி சிறு ஓட்டை போன்ற எளியவை. சில தாமாகவே மூடிக்கொள்ளும். அத்தகைய பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்கிறார்கள். பிறந்த சில வாரங்களில் பெரிய அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்கள், உடல் நீலம் பாரித்தவர்கள், ஒற்றைக் கீழறையோடு வாழ்பவர்கள், பலமுறை அறுவை சிகிச்சைக்கு உள்ளானவர்கள், மரபணுக் கோளாறும் சேர்ந்தவர்கள் ஆகியோர்தான் கூடுதல் கவனிப்புக்கு உரியவர்கள். அவர்களிலும் எல்லோரும் திணறுவதில்லை. யார் திணறுவார் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதால்தான் எல்லோரையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

"பிள்ளை உயிரோடு இருப்பதே போதாதா? இருக்கிற கவலை போதாதென்று இன்னொன்றைக் கிளப்ப வேண்டுமா?" என்று எங்கள் கூட்டத்திலேயே ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு பிள்ளையின் நெற்றியில் "பின்தங்கியவன்" என்று ஒட்டிவிட்டால் அதைக் கிழிப்பது கடினம். ஆனால் அந்தப் பட்டம் அவனுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. மக்தபில் சோம்பேறி, வீட்டில் அடங்காதவன், உறவினர் மத்தியில் கண்ணூறு பட்டவன். காரணம் தெரியாதவரை மனிதர்கள் தாங்களே ஒரு பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். மருத்துவர் சொல்லும் பெயர், இவற்றில் எதைவிடவும் அவனுக்குத் தீங்கு செய்யாது.

கண்ணூறு என்றதும் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தாயிடம் உம்மம்மா முதல் பக்கத்து வீட்டு மாமிவரை ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார்கள். கிரகணத்தில் வெளியே வந்தாய் என்றார் ஒருவர். வயிற்றுப் பிள்ளையோடு அழுதுகொண்டே இருந்தாய் என்றார் இன்னொருவர். தாயத்துக் கட்டினார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். ஓதுவதை நாம் குறை கூறவில்லை. துஆ நம் ஆயுதம். ஆனால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நமக்கு வழிகாட்டியவரும் நம் நபி (ஸல்) அவர்கள்தாம். பெரும்பாலான பிறவி இதயக் கோளாறுகளுக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட மருத்துவர்களாலேயே இயலாதபோது, ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் யார்? நெருங்கிய இரத்த உறவில் மணமுடிப்பது இதயக் கோளாறின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்வது உண்மை. மார்க்கம் அதை அனுமதித்திருக்கிறது, கட்டாயமாக்கவில்லை. சொத்து வெளியே போய்விடக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாக மாமன் மகளையும் சாச்சா மகனையும் கட்டிவைக்கும் குடும்பங்கள் இதைப் பேசவேண்டும். ஆனால் அது நிக்காஹ் பேசும் முன்பு பேசவேண்டிய பேச்சு. தொட்டிலருகே நின்று பேசுவது வெறும் கொடுமை.

மற்றொரு வழக்கம் மறைத்தல். பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் அதிகம். நாளை சம்பந்தம் பேசவருகிறவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று, அறுவை சிகிச்சை நடந்ததையே பள்ளிக்கூடத்தில் சொல்லாத பெற்றோர்கள் இருக்கிறார்கள். சொல்லாவிட்டால் ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? கண் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மதீனாவில் பாங்கு சொன்னவர். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற சமயங்களில் மதீனாவின் பொறுப்பில் நியமிக்கப்பட்டவர். அவருடைய குறையை யாரும் மறைக்கவில்லை. அதற்கேற்ற இடத்தைக் கொடுத்தார்கள்.

இனி செய்யவேண்டியதைப் பார்ப்போம். அமெரிக்க இதயக் கழகம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இவ்வாறான பிள்ளைகளின் வளர்ச்சியை ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் ஒருமுறையும், மூன்று முதல் ஐந்து வயதுக்குள் ஒருமுறையும், பதினொன்று அல்லது பன்னிரண்டு வயதில் ஒருமுறையும் முறையாகச் சோதிக்கச் சொல்கிறது. 2024-இல் அதைப் புதுப்பித்திருக்கிறார்கள். இந்த வயதுகளுக்குப் பொருள் உண்டு. முதலாவது, நடையும் பேச்சும் தொடங்கும் காலம். இரண்டாவது, பள்ளியில் சேரும் காலம். மூன்றாவது, பாடங்கள் கடினமாகித் தானே திட்டமிட்டுப் படிக்கவேண்டிய காலம். சிறு வயதில் தேறிய பிள்ளை பன்னிரண்டில் திணறலாம். ஒருமுறை பார்த்து "ஒன்றுமில்லை" என்று வந்துவிடுவது போதாது.

நம் நாட்டில் இதற்கு வழியே இல்லை என்று எண்ணவேண்டாம். 2013-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறவிக் குறைபாடுகளோடு வளர்ச்சித் தாமதத்தையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதன்கீழ் மாவட்ட அளவில் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் செயல்படுகின்றன. பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி, உளவியல் மதிப்பீடு ஆகியவை அங்கே கட்டணமின்றிக் கிடைக்கும். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. அத்திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும்தான் செல்கின்றன. நம் பிள்ளைகளில் பலர் தனியார் மெட்ரிக் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள், நாம்தான் போகவேண்டும். கற்றல் குறைபாடு என்று சான்று கிடைத்தால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையும் அங்கீகரிக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். "மாற்றுத்திறனாளி" என்ற சொல்லுக்கு அஞ்சி அந்தக் காகிதத்தை வேண்டாம் என்று சொன்ன ஒரு வாப்பாவை எங்களுக்குத் தெரியும். அவர் கூச்சப்பட்டதற்கு விலையாக மகன் இரண்டு ஆண்டுகளை இழந்தான்.

வீட்டில் செய்யக்கூடியதும் ஏராளம். இதய அறுவை சிகிச்சை முடிந்த குழந்தையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, தரையில் விடாமல், அழவிடாமல் வளர்ப்பது நம் வீடுகளின் வழக்கம். மார்பெலும்பு சேரும்வரை எச்சரிக்கை வேண்டும். மருத்துவர் அனுமதித்த பிறகும் தவழவிடாமல் வைத்திருந்தால் பின்தங்கிய கை கால்கள் மேலும் பின்தங்கும். கைப்பேசியைக் கொடுத்து உட்காரவைப்பதும் அப்படியே. பேசுங்கள், பாடிக் காட்டுங்கள், கதை சொல்லுங்கள், மாவு பிசையக் கொடுங்கள். ஒரு பிள்ளை எப்படி வளரும் என்பதில் அறுவை சிகிச்சையின் நுணுக்கங்களைவிட, குடும்பச் சூழலுக்கும் தாயின் கல்விக்கும் மனநிலைக்கும் கூடுதல் பங்கு உண்டு என்பது தொடர்ந்து தெரியவருகிறது. ஆகவே அந்தத் தாயின் உறக்கத்தையும் மனத்தையும் பார்த்துக்கொள்வதும் பிள்ளைக்குச் செய்யும் மருத்துவம்தான். வாரத்தில் ஒருநாள் பிள்ளையை வாங்கிக்கொண்டு "நீ போய்த் தூங்கு" என்று சொல்லும் ஒரு நாத்தனார், பத்து நலம் விசாரிப்புகளுக்குச் சமம்.

ரமலானைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருவம் அடையாத பிள்ளைக்கு நோன்பு கடமை இல்லை. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. இருந்தாலும் நம் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு நோன்பு வைப்பார்கள், நாமும் மகிழ்வோம். உடல் நீலம் பாரிக்கும் தன்மை நீங்காத பிள்ளைகளுக்கு இரத்தம் தடித்திருக்கும். உடலில் நீர் வற்றினால் அது மேலும் தடித்து, உறைந்த துணுக்கு மூளைக்குச் சென்று பக்கவாதம் வரும் ஆபத்து உண்டு. இரும்புச்சத்துக் குறைவும் அந்த ஆபத்தைக் கூட்டுகிறது. ஒற்றைக் கீழறையோடு வாழும் பிள்ளைகளும் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர்கள். இதய மருத்துவரைக் கேட்காமல் அவர்களை நோன்பு வைக்கவிடாதீர்கள். அப்பிள்ளைகளுக்கு விடாத காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து வந்தால் மாத்திரை கொடுத்துக் காத்திருக்கவும் வேண்டாம். மூளையில் சீழ்க்கட்டியாக இருக்கக்கூடும், அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

ஜமாஅத்துகளிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். இதய அறுவை சிகிச்சைக்கு உதவி கேட்டு ஒரு குடும்பம் வந்தால், அன்றே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு கோப்பைத் திறங்கள். பிள்ளை பிறந்த தேதியை எழுதி, மூன்று பரிசோதனைகளுக்கான ஆண்டுகளையும் குறியுங்கள். பயிற்சிக்காக மாவட்டத் தலைநகருக்கு வாரம் ஒருமுறை போய்வரும் பேருந்துக் கட்டணம், அன்று இழக்கும் கூலி ஆகியவைதான் ஏழைக் குடும்பங்களைப் பாதியில் நிறுத்துகின்றன. அறுவை சிகிச்சைக்குத் திரட்டுவதில் சிறு பங்கே இதற்குப் போதும். ஏழைக் குடும்பத்துக்கு ஜகாத்திலிருந்து கொடுக்கலாமா, பைத்துல்மாலின் பொது நிதியிலிருந்து கொடுக்கவேண்டுமா என்பதை ஊர் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பேருந்துக் கட்டணத்துக்காகத் துண்டு விரித்தால் யாரும் கண்ணீர் விடமாட்டார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் இது வசூலாக இல்லாமல், ஆண்டுக் கணக்கில் ஒரு தலைப்பாக இருக்கவேண்டும் என்கிறோம். எங்கள் மஹல்லாவில் சென்ற மாதம் அந்தத் தலைப்பைச் சேர்த்தோம். பழைய கோப்புகளைத் தூசி தட்டியதில் மேலும் நான்கு பிள்ளைகளின் பெயர்கள் கிடைத்தன. இரண்டு குடும்பங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டன; தேடிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சிறுவனை மாவட்ட மையத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த உளவியலாளர் தமிழில் எழுதிக்கொடுத்த ஒரு பக்கக் குறிப்பை உஸ்தாத் இரண்டுமுறை படித்தார். பிறகு எங்களிடம் எதுவும் பேசாமல், மறுநாள் அவனுடைய வீட்டுக்குத் தாமே போய் அழைத்துவந்தார். இப்போது அவன் முன் வரிசையில், சுவர்ப் பக்கம் உட்காருகிறான். பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டைகளில் புள்ளிகளுக்குச் சிவப்பு மை பூசியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு வரி மட்டும். அதையும் காதால் கேட்டு, பிறகு சொல்லி, பிறகுதான் பார்த்து. சென்ற வாரம் குறைஷ் சூராவை முடித்துவிட்டான். ஃபீல் சூராவில் யானை வருகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து, அடுத்த வரி எப்போது என்று அவனே கேட்டுக்கொண்டிருக்கிறானாம்.